ஃபாதோவும் அதைத் தாண்டியும்: இன்றைய போர்ச்சுகல் இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் போர்ச்சுகல் நாட்டு இசையை விடாமல் கேட்டு வருகிறேன். நல்ல பாட்டு ஒன்று கிடைத்தால் நாலு பேருக்கு அனுப்பாமல் இருக்க முடிவதில்லை. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கேள்விகள் வந்துவிடும், பெரும்பாலும் அதே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

போர்ச்சுகல் இசை என்றால் ஃபாதோதானே?

இல்லை. ஃபாதோ தலைநகர் லிஸ்பனின் பாட்டு, கிதார் துணையோடு பெரும்பாலும் ஏக்கத்தைப் பாடுவது. பல்கலைக்கழக நகரமான கோயிம்ப்ராவுக்குத் தனியாக ஒரு ஃபாதோ மரபு உண்டு, அது மாணவர்களிடம் வளர்ந்தது. இந்த இரண்டு ஊர்களை விட்டு வெளியே வந்தால் காட்சியே மாறிவிடும்.

தெற்கே அலென்தேஜோ சமவெளியில் வாத்தியமே இல்லாமல் கூட்டமாகப் பாடும் 'கான்தே' இருக்கிறது. ஒருவர் மெதுவாக எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் மேல் சுருதியில் சேர்வார், பிறகு மொத்தக் கூட்டமும் அலைபோல எழும். கிழக்கு எல்லையில் பெய்ரா பைஷா பகுதிப் பெண்களின் கையில் அதுஃபெ. இரண்டு பக்கமும் தோல் போர்த்திய சதுரமான தோற்கருவி அது. உள்ளே விதைகளோ சிறு கற்களோ கிடந்து கலகலக்கும். அரேபியர் ஆண்ட காலத்தில் வந்து தங்கிய வாத்தியம், பெயரும் அரபிப் பெயர்தான். வடகிழக்கு மூலையில் மிராந்தா தோ தோரோ என்ற ஊர்ப் பக்கம் போனால் தோல்பைக் குழல் கேட்கும். அங்கே மொழியே வேறு. மிராந்தேஷ் என்ற அந்த மொழிக்கு 1999-ல் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தது.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஃபாதோ 2011-லும் கான்தே 2014-லும் சேர்ந்தன. மரபையும் புதிய ஒலிகளையும் சேர்க்கும் இன்றைய கலப்பிசையின் ருசி புரிய வேண்டுமானால், இந்தக் கிராமத்து ஒலிகளையும் ஃபாதோவுக்குச் சமமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாதோ ரொம்பப் பழமையான இசையா?

ஏறக்குறைய இருநூறு வயது. லிஸ்பன் துறைமுகத்தை ஒட்டிய அல்ஃபாமா, மொராரியா போன்ற ஏழைக் குடியிருப்புகளில் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உருவானது. நெப்போலியன் படைக்கு அஞ்சிப் பிரேசிலுக்குப் போன அரச குடும்பம் 1821-ல் திரும்பியது. அந்தக் காலத்துப் போக்குவரத்தில் பிரேசிலில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களின் ஆட்டமும் பாட்டும் லிஸ்பனுக்கு வந்து, அதிலிருந்துதான் ஃபாதோ கிளைத்தது என்று இசை ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். முதல் பெரும் பாடகியாகச் சொல்லப்படும் மரியா செவேரா 1846-ல் 26 வயதில் இறந்துபோனார். அவருடைய குரல் எப்படி இருந்தது என்று கேட்க வழியில்லை, கதை மட்டும் ஊரெல்லாம் நிற்கிறது.

எல்லாம் சோகப் பாட்டுதானா?

இல்லவே இல்லை. 'ஃபாதோ கொரிதோ' என்ற மெட்டு துள்ளிக்கொண்டு ஓடும். கேலிப் பாட்டு, தெருச் சண்டைப் பாட்டு, ஊர்ப்பெருமை பேசும் பாட்டு எல்லாம் உண்டு.

ஃபாதோவில் வரும் கிதார் ஏன் மணியடிப்பதுபோல ஒலிக்கிறது?

அது நாம் வழக்கமாகப் பார்க்கும் கிதார் இல்லை, போர்ச்சுகீசியக் கிதார். பேரிக்காயை நடுவில் பிளந்ததுபோல உடல், 12 எஃகுத் தந்திகள், இரண்டிரண்டாக ஆறு ஜோடி. மேல் மூன்று ஜோடிகள் ஒரே சுருதியில் சேர்ந்திருக்கும், கீழ் மூன்று ஜோடிகளில் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். விரலில் பொருத்திய நகத்தால் மீட்டுவார்கள். அதனால்தான் அந்த மினுமினுப்பு. லிஸ்பன் கிதாரின் தலைப்பகுதியில் நத்தைச் சுருள் செதுக்கியிருக்கும், கோயிம்ப்ரா கிதாரில் கண்ணீர்த் துளி. கோயிம்ப்ரா கிதாரை ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கிச் சுருதி சேர்ப்பார்கள், ஒலி இன்னும் கனமாக வரும்.

இதைப் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக மட்டும் பார்த்த காலத்தில் தனி வாத்தியமாக நிமிர்த்தியவர் கார்லோஸ் பரேதெஸ் (1925–2004). லிஸ்பனில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைக்கும் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர். சர்வாதிகார ஆட்சி 1958-ல் அவரைச் சிறையில் அடைத்தது. அவருடைய 1967 ஆல்பமான 'கிதாரா போர்த்துகேசா'வை ஒருமுறை கேளுங்கள். வாசிக்கும்போது அவர் மூச்சு வாங்குவதுகூட ஒலிப்பதிவில் கேட்கும்.

சர்வாதிகாரம் என்கிறீர்கள். இசைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. இது தெரியாமல் இன்றைய பாடகர்கள் செய்வதன் அருமை பிடிபடாது.

1926-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, பிறகு சலசார் என்ற சர்வாதிகாரி, கடைசியில் 1974 வரை அதே ஆட்சி. 1927-லேயே ஒரு ஆணை வந்தது. ஃபாதோ பாட வேண்டுமானால் தொழில் அட்டை வாங்க வேண்டும், வரிகளைத் தணிக்கைக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தெருவில் நின்று அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடிய மக்களின் பாட்டு, அனுமதி முத்திரை விழுந்த பாட்டாக மாறியது.

கிராமத்துக்கு வேறு விதமான அடி. 1938-ல் அரசின் பிரச்சாரத் துறை 'போர்ச்சுகலிலேயே மிகவும் போர்ச்சுகீசியக் கிராமம்' என்று ஒரு போட்டி வைத்தது. பெய்ரா பைஷாவில் பாறைகளுக்கு நடுவே இருக்கும் மொன்சாந்தோ ஜெயித்தது, பரிசு ஒரு வெள்ளிச் சேவல். அந்தச் சேவலின் நகல் இன்றும் அந்த ஊர்க் கோபுரத்தின் மேல் நிற்கிறது. வறுமையில் கிடந்த கிராமங்களைச் சிரித்த முகத்தோடு துவைத்த உடையில் ஆட வைத்து, "பாருங்கள், எங்கள் மக்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள்" என்று காட்டிக்கொண்டது அரசு.

இதனால், 1974-ல் ஆட்சி விழுந்தபோது படித்த இளைஞர்கள் பலருக்கு ஃபாதோவைக் கேட்டாலே கூச்சம். ஃபாதோ, ஃபாத்திமா மாதா கோயில், ஃபுட்பால், இந்த மூன்றையும் காட்டித்தான் மக்களைத் தூங்க வைத்தார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அமாலியா ரொத்ரிகெஸ் போன்ற மாபெரும் பாடகியே ஆட்சியின் செல்லப்பிள்ளை என்று ஏச்சு வாங்கினார். அவர் 1962 ஆல்பத்தில் பாடிய ஒரு ஃபாதோவை, அரசியல் கைதிகளின் பேனிஷ் சிறையை நினைவுபடுத்துகிறது என்று அதே ஆட்சி தடை செய்திருந்தது. அப்படியிருந்தும் ஏச்சு நிற்கவில்லை.

என் பார்வையில், கடந்த ஐம்பது வருட போர்ச்சுகல் கலப்பிசை முழுவதும் அந்தக் கூச்சத்தைத் துடைத்தெறிந்த கதைதான். அரசு பறித்துக்கொண்ட ஒலிகளை ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு வழியில் திரும்ப வாங்கியது.

அப்படியானால் உண்மையான கிராமப் பாட்டு எப்படித் தப்பியது?

ஒரு வெளியூர்க்காரரால் தப்பியது. கோர்சிகா தீவைச் சேர்ந்த மிஷெல் ஜியாகொமெத்தி 1959-ல் போர்ச்சுகல் வந்தார், ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போனார். அறுவடைப் பாட்டு, ஆலிவ் பறிக்கும் பாட்டு, தாலாட்டு, சவத்துக்கு அழும் பாட்டு என்று மக்கள் வேலையின் நடுவே பாடுவதைப் பதிவு செய்தார். இசையமைப்பாளர் ஃபெர்னாந்தோ லோபெஸ் கிராசா அவரோடு சேர்ந்துகொண்டார். ஆட்சிக்குப் பிடிக்காத இடதுசாரி அவர். அரசின் மேடையில் ஆடிய நாட்டுப்புற நடனக் குழுக்களுக்கும் இந்தப் பதிவுகளுக்கும் இடையே இருந்த தூரம் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பதிவில் பல் போன கிழவியின் குரல் இருக்கிறது, களைப்பு இருக்கிறது, நாய் குரைக்கிறது. பின்னால் வந்த கலைஞர்கள் தோண்டிய சுரங்கம் இதுதான்.

பழையதையும் புதியதையும் முதலில் ஒன்று சேர்த்தது யார்?

ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் ஜோசே அஃபோன்சோவைச் சொல்வேன். ஊரே அவரை ஸெக்கா என்று கூப்பிடும். கோயிம்ப்ரா ஃபாதோவில் தொடங்கியவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு விலக்கப்பட்டார், சிறைக்கும் போனார். 1971-ல் ஃபிரான்ஸில் எரூவில் என்ற ஊரின் மாளிகை ஸ்டுடியோவில் 'கன்திகாஸ் தோ மாயோ' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அங்கே நாடுகடந்து வாழ்ந்த ஜோசே மாரியோ பிராங்கோ அதற்கு இசை ஒழுங்கு செய்தார்.

அந்த ஆல்பத்தில்தான் 'கிராந்தோலா, விலா மொரேனா' இருக்கிறது. கிராந்தோலா அலென்தேஜோவில் ஒரு சிற்றூர். 1964-ல் அங்கே தொழிலாளர் இசைச் சங்கத்தில் பாடப் போனவர், அந்த மக்களின் ஒற்றுமையைப் பார்த்து நெகிழ்ந்து எழுதியது. பாட்டின் அமைப்பு அச்சு அசலாக கான்தே. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள், வாத்தியம் கிடையாது. கான்தே பாடுபவர்கள் தோளோடு தோள் கோத்து மெதுவாக நடந்துகொண்டே பாடுவார்கள். அந்த நடையை ஸ்டுடியோவுக்குள் எப்படிக் கொண்டுவருவது? நாலு பேர் இரவில் வெளியே போய்ச் சரளைக் கல்லில் நடந்து, காலடி ஓசையைப் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்துவிட்டார்கள். எனக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தெரியாது. மரபு அப்படியே இருக்கிறது. ஸ்டுடியோ செய்தது ஒரே ஒரு வேலை, அந்த மரபின் உடலைக் காதுக்குக் காட்டியது.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். 1974 ஏப்ரல் 25, நள்ளிரவு தாண்டி 20 நிமிடம். வானொலியில் இந்தப் பாட்டு ஒலித்தது. புரட்சிக்குக் கிளம்பக் காத்திருந்த ராணுவத்தினருக்கு அதுதான் சைகை. விடிந்து சாயங்காலம் ஆவதற்குள் ஆட்சி கவிழ்ந்தது.

புரட்சிக்குப் பிறகு?

அடுத்த வருடமே கோயிம்ப்ராவில் பிரிகாதா விக்தோர் ஜாரா என்ற குழு கிராமப் பாடல்களைப் புதிதாக ஒழுங்கு செய்து பாட ஆரம்பித்தது. 1981-ல் ஜூலியோ பெரெய்ரா, நாலு தந்திகள் மட்டும் கொண்ட குட்டி வாத்தியமான கவாகின்யோவுக்கு ஒரு முழு ஆல்பம் கொடுத்தார். (ஹவாய் தீவின் உகுலேலே இந்த வாத்தியத்தின் வாரிசு. 1879-ல் மதெய்ரா தீவிலிருந்து கூலி வேலைக்குக் கப்பல் ஏறியவர்கள் கையோடு கொண்டுபோனது.) 1982-ல் ஃபாவுஸ்தோ வெளியிட்ட 'போர் எஸ்தே ரியோ அசிமா', 16-ஆம் நூற்றாண்டில் ஆசியாவெங்கும் அலைந்த ஒரு போர்ச்சுகீசியரின் பயணக் கதையைக் கிராமத்துத் தாளங்களில் சொல்லும் இரட்டை ஆல்பம். பெயருக்கு 'இந்த ஆற்றில் மேல்நோக்கி' என்று அர்த்தம். இதை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

அதே 1982-ல் ஒரு சிகையலங்காரக் கலைஞர் வந்தார். அந்தோனியோ வரியாசோயிஷ், மின்யோ பகுதிக் கிராமத்துக்காரர், லிஸ்பனில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். அமாலியாவைத் தெய்வமாகக் கும்பிட்டவர். அவருடைய முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அமாலியா பாடிப் புகழ்பெற்ற ஃபாதோ ஒன்றையே நியூவேவ் ராக் பாணியில் பாடினார். தன் இசை மின்யோவில் இருக்கும் பிராகா நகரத்துக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1984-ல் 39 வயதில் போய்ச் சேர்ந்தார். விட்டுப்போனது இரண்டே ஆல்பங்கள். அவரை நினைக்கும்போதெல்லாம் இன்னும் பத்து வருடம் கிடைத்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

மாத்ரதேவுஷ் குழுவை எல்லோரும் சொல்கிறார்கள். அது ஃபாதோவா?

ஃபாதோ இல்லை. ராக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த பெத்ரோ அய்ரெஸ் மகல்யாயிஷ், ரொத்ரிகோ லெயாவ் இருவரும் 1985-ல் தொடங்கியது. தெரெசா சல்கெய்ரோவின் தெளிந்த குரல், செலோ, அக்கார்டியன், சாதாரண கிதார், கீபோர்டு. கவனியுங்கள், போர்ச்சுகீசியக் கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஃபாதோவின் அடையாளத்தையும் ராக்கின் அடையாளத்தையும் ஒரே நேரத்தில் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஏக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 1994-ல் லிஸ்பனை வைத்து எடுத்த படத்தின் வழியாக உலகமே அவர்களைக் கேட்டது.

இந்தக் கழித்தல் வழி இன்றும் தொடர்கிறது. 2020-ல் ஃபாதோ பாடகி லீனாவும் கேட்டலோனியத் தயாரிப்பாளர் ராவுல் ரெஃப்ரீயும் சேர்ந்து அமாலியாவின் பாடல்களைக் கிதாரே இல்லாமல், பியானோவும் சிந்தசைசரும் வைத்துப் பதிவு செய்தார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய ஆல்பம்.

ஃபாதோக்காரர்கள் இதையெல்லாம் எதிர்க்கவில்லையா?

எதிர்ப்பு எப்போதும் உண்டு. ஆனால் இன்று மரபின் உச்சமாகக் கொண்டாடப்படும் அமாலியாவே அன்று இதே அடியை வாங்கியவர். இசையமைப்பாளர் அலான் ஊல்மான் அவருக்காகப் போட்ட மெட்டுகள் சிக்கலாக இருக்கும். ஒத்திகைக்கு வரும் கிதார் கலைஞர்கள் "ஆபெராவுக்குப் போகிறோம்" என்பார்களாம். 1965-ல் மகாகவி கமோயிஷின் கவிதைகளை ஃபாதோவாகப் பாடியபோது, இது அடுக்குமா என்று பத்திரிகையில் சண்டையே நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரபான ஃபாதோவில் மெட்டு பொதுச் சொத்து. 'மேனோர்', 'கொரிதோ', 'மொராரியா' என்ற மூன்று மூல மெட்டுகளை யார் போட்டது என்றே தெரியாது. பாடகர் மெட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னால் போதும், கிதார் கலைஞர்கள் தயார். அளவு பொருந்தினால் நேற்று எழுதிய கவிதையையும் அதில் உட்கார வைக்கலாம். அதே மெட்டில் ஒருவரைப்போல இன்னொருவர் பாடினால் மதிப்பில்லை. அப்படியென்றால் புதுமைக்கான வாசல் மரபின் உள்ளேயே திறந்துதான் இருக்கிறது. இன்றைய ஃபாதோ பாடகர்களான கமானே, கார்மின்யோ போன்றவர்கள் பழைய மெட்டுகளைப் பாடும்போதும் புதிதாக ஒலிப்பது இதனால்தான்.

ஆப்பிரிக்கத் தாளங்கள் இதில் எப்படி வந்தன?

காலனிகள் விடுதலை அடைந்த 1974–75 காலத்திலும் அதன் பிறகும் அங்கோலா, கேப் வெர்டே, மொசாம்பிக் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் போர்ச்சுகலுக்கு வந்தார்கள். லிஸ்பனைச் சுற்றிய புறநகர்களில் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். இந்தப் பிள்ளைகளின் இசைதான் இப்போது அந்த நாட்டில் மிகவும் உயிரோடு இருக்கிறது.

2006-ல் புராகா சோம் சிஸ்தெமா என்ற குழு கிளம்பியது. லிஸ்பன் புறநகரான அமதோராவில் இருக்கும் புராகா என்ற குடியிருப்பின் பெயரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். அங்கோலாவின் குதூரோ தாளத்தை நடன மேடைகளுக்குக் கொண்டுபோய் ஐரோப்பாவை ஆட வைத்தார்கள். அதன் பின் பாடகர் தினோ த சந்தியாகோ 2018-ல் 'முந்து நோபு' ஆல்பத்தில் கேப் வெர்டேயின் ஃபுனனா, பதூக் தாளங்களை மென்மையான எலக்ட்ரானிக் இசையில் வைத்தார்.

இங்கே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஆனா மோராவை. ஃபாதோவின் பெரிய நட்சத்திரம், 2012-ல் 'தெஸ்ஃபாதோ' ஆல்பத்திலேயே ஜாஸ், பாப் பக்கம் கை நீட்டியவர். 2022-ல் 'காசா கில்யெர்மினா' வெளியிட்டார். கில்யெர்மினா அவருடைய அங்கோலாவைச் சேர்ந்த பாட்டியின் பெயர். அங்கோலாவின் செம்பா, கிசோம்பா தாளங்களும், குரலைக் கணினியில் மாற்றும் ஆட்டோட்யூனும், ஃபாதோவின் குரல் வளைவுகளும் அங்கே ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வெளியிலிருந்து இரவல் வாங்கிய அலங்காரம் அல்ல அது, அவருடைய ரத்தத்திலேயே இருந்தது. அடுத்த வருடம் அங்கோலா அப்பாவுக்குப் பிறந்த ராப் கலைஞர் ஸ்லோ ஜே தன் ஆல்பத்துக்கு 'ஆஃப்ரோ ஃபாதோ' என்றே பெயர் வைத்தார். ஃபாதோ எங்களுடையதும்தான் என்று அந்தப் பிள்ளைகள் உரிமையோடு சொல்வதைக் கேட்கும்போது மனம் நிறைகிறது. இருநூறு வருடத்துக்கு முன் அது வந்த வழியும் அதுதானே.

பாடகர் பெத்ரோ மஃபாமாவையும் கேளுங்கள். அவருடைய 2021 ஆல்பத்தின் பெயர் 'போர் எஸ்தே ரியோ அபாய்ஷோ', அதாவது 'இந்த ஆற்றில் கீழ்நோக்கி'. ஃபாவுஸ்தோவின் ஆறு மேல்நோக்கிப் போனது, இவருடையது திரும்பி வருகிறது.

கணினியையும் கிராமத்துப் பாட்டையும் சேர்ப்பவர்கள் யார்?

முன்னோடி ஜோவாவ் அகுவார்தெலா. 1990-களில் மெகாஃபோன் என்ற பெயரில் பழைய களப் பதிவுகளை எடுத்து எலக்ட்ரானிக் தாளத்தில் வைத்தார். பிறகு 'எ நைஃபா' குழுவில் போர்ச்சுகீசியக் கிதாரையும் பேஸ் கிதாரையும் மோதவிட்டார். 2009-ல் இளம் வயதில் காலமானார்.

இன்று ஓமிரி என்ற பெயரில் இசைக்கும் வாஸ்கோ ரிபெய்ரோ கசாயிஷ் மேடையில் தனியாக நிற்பார், பின்னால் திரையில் கிராமத்து முதியவர்கள் பாடுவார்கள், அவர்களோடு சேர்ந்து இவர் வாசிப்பார். ஸ்டீரியோசாரோ என்ற டிஜே 2019-ல் அமாலியாவின் குரலையும் பரேதெஸின் கிதாரையும் சாம்பிள் செய்து ஹிப்ஹாப்காரர்களைப் பாட வைத்தார். பாந்துவா இருவர் குழு பெய்ரா பைஷாவின் பாடல்களை மெதுவான எலக்ட்ரானிக் இசையில் மிதக்க விடுகிறது. வெள்ளிச் சேவல் வாங்கிய மொன்சாந்தோ இருக்கும் அதே பெய்ரா பைஷா.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஆனா லுவா காயானோ. ஒரே ஒரு பெண், ஒரு பெரிய முரசு, சிந்தசைசர், லூப் கருவி. தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து மேடையில் ஒரு கிராமத்துப் பெண்கள் கூட்டத்தையே உண்டாக்கிவிடுவார். 2024-ல் வந்த முதல் முழு ஆல்பம் 'வோ ஃபிகார் நெஸ்தெ குவத்ராதோ'.

தமிழர்களுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

இரண்டு சொல்லலாம். புராகா சோம் சிஸ்தெமாவின் 2008 பாட்டான 'சவுண்ட் ஆஃப் குதூரோ'வில் சேர்ந்து பாடியவர் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ., மாதங்கி அருள்பிரகாசம். இன்னொன்று மட்டக்களப்பு. அங்குள்ள, போர்ச்சுகீசிய வம்சாவளிப் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் போர்ச்சுகீசியக் கிரியோல் என்ற கலப்பு மொழி வாழ்கிறது. கல்யாண வீடுகளில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆடுவார்கள். இலங்கையின் பைலா இசைக்கு வேர் அங்கே இருக்கிறது.

மொழி தெரியாமல் கேட்கலாமா?

தாராளமாக. நான் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பிடித்த பாட்டு நாலைந்துக்காவது வரிகளின் அர்த்தத்தைத் தேடிப் படியுங்கள். ஃபாதோவில் கவிதைதான் முதலாளி.

எந்த வரிசையில் கேட்பது?

முதலில் 'கிராந்தோலா', ஹெட்ஃபோனில். அப்புறம் அமாலியாவின் 1962 ஆல்பம். அதற்கு அடுத்து உடனே லீனாவும் ரெஃப்ரீயும் சேர்ந்தது. பிறகு 'காசா கில்யெர்மினா', கடைசியாகக் காயானோ. இந்த ஐந்தும் ஒரு வாரத்துக்குப் போதும்.

நேரில் கேட்க எங்கே போவது?

லிஸ்பனில் ஃபாதோ வீடுகள் அல்ஃபாமா, மொராரியா, பைரோ அல்தோ பகுதிகளில் இருக்கின்றன. விளக்கு மங்கினால் பேச்சை நிறுத்திவிட வேண்டும், கரண்டிச் சத்தம்கூட வரக் கூடாது. அல்ஃபாமாவில் 1998-ல் திறந்த ஃபாதோ அருங்காட்சியகத்தையும் பாருங்கள்.

கோடையில் போனால் சினெஸ் நகரில் உலக இசை விழா, 1999-லிருந்து கோட்டைக்குள் நடக்கிறது. என் ஓட்டு அதைவிடச் சிறிய விழாவுக்கு. தோமார் பக்கத்தில் செங் சோல்தோஸ் என்ற கிராமம். 2006-ல் தொடங்கிய 'போன்ஸ் சோன்ஸ்' விழாவுக்காக ஊரையே அடைத்துவிட்டு, ஊர் மக்களே சமைத்து, வரவேற்று, மேடை பார்த்துக்கொள்கிறார்கள். போர்ச்சுகல் இசை மட்டும்தான். மேடைகளுக்கு இசைக்காரர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்: லோபெஸ் கிராசா, ஜியாகொமெத்தி, ஸெக்கா அஃபோன்சோ, வரியாசோயிஷ்.